பெயர்ப் பலகை மாறியது!

ஏணியின்மீது நின்றுகொண்டிருந்த ஓவியர்தாம் எங்களுக்கு முதன்முதலில் செய்தியைச் சொன்னார். தாளாளர் சொல்லவில்லை, தலைமையாசிரியர் சொல்லவில்லை, சுற்றறிக்கை ஏதும் வரவில்லை. 2024-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். ஆண்டுத் தேர்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுது. பள்ளி வாயிலில் ஏணி சார்த்தி, தூரிகையும் வண்ணக் குவளையுமாக ஒருவர், நாள்தோறும் நாங்கள் நிமிர்ந்து பார்த்து நுழைந்த பெயரை அழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, பலகையைப் புதுப்பிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"புதுப்பிக்கவில்லை டீச்சர், மாற்றுகிறேன். பள்ளிக்கூடம் கைமாறிவிட்டதே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது! பலகை எழுதுபவருக்குத் தெரிந்தது, அந்தப் பலகையின் கீழே பாடம் நடத்துபவருக்குத் தெரியாது. மதுரையை அடுத்த ஓர் ஊரில் உள்ள தனியார் பள்ளி அது. வரலாற்றில் இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மூன்றாண்டுகளாக அங்கே சமூக அறிவியல் கற்பித்து வந்தேன். அசோகர் எந்த ஆண்டில் அரியணை ஏறினார் என்று மாணவர்க்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் பள்ளி எந்த நாளில் எவர் கைக்குப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. வரலாற்று ஆசிரியை நான். வரலாறு என் தலைக்குமேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது!

அடுத்த வாரமே ஆட்கள் வந்தனர். அளக்கும் நாடா வந்தது, கணக்கேடு வந்தது. விளையாட்டுத் திடலை அளந்தனர். வகுப்பறைகளை எண்ணினர். மேசைகள், பெஞ்சுகள், மின்விசிறிகள், ஆய்வுக்கூடத்துக் குடுவைகள், நான்கு பேருந்துகள், அவற்றின் சக்கரங்கள் - ஒன்றையும் விட்டாரில்லை. வகுப்புக்கு இத்தனை பிள்ளைகள், பிள்ளைக்கு இவ்வளவு கட்டணம் என்று பெருக்கியும் பார்த்தனர். எங்களையும் எண்ணினார்கள் என்று பிறகு அறிந்தோம். வரவுப் பக்கத்திலே அல்ல, செலவுப் பக்கத்திலே! பெஞ்சு, சொத்து, அதில் அமரும் பிள்ளை, வருவாய், அந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர், செலவு! செலவு என்றால் குறைக்க வேண்டியது என்பதுதானே கணக்கரின் இலக்கணம்?

அன்று தொடங்கியது அச்சம். அச்சத்தைப்போல் விரைவாகப் பெருகும் பயிர் வேறில்லை. அதற்கு நீர் வேண்டாம், எரு வேண்டாம். நாலு பேர் கூடி, உரக்கப் பேசாமல் காதோடு காதாகப் பேசினால் போதும். "பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்களாம்." "சென்னையிலிருந்து ஆட்களைக் கொண்டு வருகிறார்களாம்." "நாற்பது வயது கடந்தவர்களுக்கு இடமில்லையாம்." எல்லாம் 'ஆம்', 'ஆம்' என்று முடியும் செய்திகள், எவர் சொன்னார் என்று கேட்டால் எவருமில்லை. முன்பெல்லாம் கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து உண்ட நாங்கள், அந்த நாட்களில் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து உண்டோம். இருக்கும் இடம் குறையப்போகிறது என்றால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தோழர் அல்லர், போட்டியாளர் என்று நெஞ்சு நினைக்கத் தொடங்கிவிடுகிறது!

என் வீட்டு நிலையையும் சொல்ல வேண்டும். தந்தை தையற்காரர், ஆயத்த ஆடைகள் வந்தபின் அவருடைய இயந்திரம் ஓடும் நாட்களைவிட ஓய்ந்திருக்கும் நாட்களே மிகுதி. தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என் ஊதியம் பதினாலாயிரம். அதிலே வாடகை, அதிலே அரிசி, அதிலே தம்பியின் கட்டணம். அந்தப் பதினாலாயிரம் நின்றுவிட்டால்? இந்த ஒரு கேள்வியோடு படுத்து, இந்த ஒரு கேள்வியோடு எழுந்தேன்.

இனி எழுதப்போவதை எழுத என் கை கூசுகிறது. ஆயினும் எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை, எவரிடமும் சொல்லாமல், சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மதுரையிலுள்ள புதிய நிர்வாகத்தின் அலுவலகத்திற்குச் சென்றேன். குளிரூட்டிய அறை. என்னைவிட நாலைந்து வயதே மூத்த ஒரு மேலாளர். கனிவாகவே பேசினார். "நீங்கள் தகுதித் தேர்வில் தேறியவரா?" என்று கேட்டார். "ஆம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எங்கள் பள்ளியில் அதில் தேறியவர்கள் மூவர்தாம்" என்று, கேட்காததையும் சொன்னேன். அவர் தலையசைத்து ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூவர் என்றால் மற்றவர்? அந்தக் கேள்வியை அவர் எழுப்பவில்லை; நானே அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பேருந்தில் திரும்பும்போது, இடம் உறுதியாகிவிட்டது என்று மகிழ முயன்றேன். மகிழ்ச்சி வரவில்லை.

பத்து நாளில் அதன் பயன் தெரிந்தது. முதல் அழைப்பு எங்கள் தமிழாசிரியர்க்கு. பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பள்ளியில் பணியாற்றியவர். தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு தாளோடு திரும்பினார். அதில் அச்சிட்டிருந்தது இதுதான்: 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன்.' பெயரும் நாளும் மட்டும் வெற்றிடம். "இதில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், சூன் முதல் புதிய நியமன ஆணை தருகிறார்களாம்" என்றார். "எல்லாரிடமும் வாங்கப் போகிறார்கள். தகுதித் தேர்வு தேறாதவர்களிடம் முதலில்."

சொந்தக் காரணங்கள்! பள்ளி கைமாறியது அவருடைய சொந்தக் காரணமா? என் வாய் உலர்ந்தது. அந்த வரிசையை வகுத்துக் கொடுத்த பேனா எது என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை தாத்தாவிடம் போய் அமர்ந்தேன். அவர் முன்னாள் பேருந்து நடத்துநர். தனியார் நிறுவனம் ஒன்றின் வண்டியில் சீட்டுக் கிழித்துத் தொடங்கியவர். 1972-இல் தமிழ்நாட்டு அரசு பேருந்துத் தடங்களை நாட்டுடைமையாக்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தபோது, அவருடைய வண்டியும் கைமாறிற்று, அவரும் கைமாறினார். அன்று அவருக்கும் இதே அச்சம், இதே காதோடு காதான பேச்சு. "அப்போது என்ன செய்தீர்கள் தாத்தா?" என்று கேட்டேன்.

அவர் விடை சொல்லவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். நடத்துநர் உரிமம், முதல் ஊதியச் சீட்டு, விடுப்பு விண்ணப்பத்தின் படி - பழுப்பேறிய தாள்கள், நூலால் கட்டியவை. "முதலாளி மாறுகிறபோது எவனும் முகத்தைப் பார்க்க மாட்டான் தாயி, தாளைத்தான் பார்ப்பான். என்னிடம் தாள் இருந்தது. பழைய வேலைக்காலமும் சேர்ந்து வந்தது. என்னோடு வண்டி கழுவிக்கொண்டிருந்தவன் ஒருவன், என்னைவிட உழைப்பாளி. அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவனை விட்டுவிட்டார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "நாங்களும் விட்டுவிட்டோம்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் திருப்புதல் பாடம். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, அதன் பின்விளைவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து, இந்தியா இங்கிலாந்து அரசியின் நேரடி ஆட்சிக்குச் சென்றது. 1858 நவம்பர் முதல் நாள் அலகாபாத்தில் அரசியின் அறிக்கை படிக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கம்பெனியிலே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றாள்.

ஆட்சி மாறியது என்று எத்தனை முறை கற்பித்திருப்பேன்! அதன் கீழே வேலை பார்த்தவரைப் பற்றி ஒரு முறையும் நினைத்ததில்லை. அன்று மாலை என் கல்லூரி நூல்களைப் புரட்டினேன். கம்பெனியின் படையில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களை, அவர்களைக் கேளாமலே, அரசியின் படைக்கு மாற்றிவிட்டார்கள். 1859-இல் அவர்கள் முரண்டு பிடித்தனர். எங்களை மாற்றுவதானால் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குரிய தொகையைக் கொடுங்கள், இல்லையேல் விடுவியுங்கள் என்றனர். பேரரசு பணம் கொடுக்கவில்லை; ஆனால் விரும்பியவர் விலகலாம் என்று இறங்கி வந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் விலகி ஊர் திரும்பினர். அவர்கள் நம்மை அடக்க வந்த படையினர். அவர்கள்மீது எனக்கு இரக்கமில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி கேட்கத்தக்கது: மனிதரை, அவரைக் கேளாமல், மேசையோடு மேசையாக மாற்றிக் கொடுக்கலாமா?

தாத்தாவின் பெட்டியும் மாணவியின் கேள்வியும் சேர்ந்து என்னை எழுப்பின. அழுவதை விடுத்துப் படிக்கத் தொடங்கினேன். சட்டம் அறிந்த கல்லூரித் தோழி ஒருத்தி துணை நின்றாள். நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன். என் நிலையில் இருப்போர்க்கு உதவும்.

ஆலை கைமாறினால் தொழிலாளிக்கு என்ன காப்பு என்பதற்கு, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் தெளிவான விதி இருந்தது. பணி அறுபடாமல், பழைய ஊதிய நிலைக்குக் குறையாமல், பழைய ஆண்டுகளையும் சேர்த்துக்கொண்டு புதிய முதலாளி ஏற்க வேண்டும். இல்லையேல் இழப்பீடு தர வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்விதி இடம் பெற்றிருக்கிறது. ஆனால் ஆசிரியர் அந்தச் சட்டம் குறிக்கும் 'தொழிலாளி' அல்லர் என்று, கோவாவிலிருந்து சென்ற ஓர் ஆசிரியையின் வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியப் பணி உயர்ந்த பணி என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. உயர்ந்த பணி! உயரத்தில் வைத்தார்கள், ஏணியை எடுத்துவிட்டார்கள்!

பணிக்கொடையின் கதை சற்று ஆறுதலானது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரைச் சாராது என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே செல்லும்படி ஆசிரியரையும் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின; 2022-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர்க்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். எங்கள் தமிழாசிரியரின் ஊதியம் பதினெட்டாயிரம். மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று வகுத்துப் பத்தொன்பது ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 1,97,000 ரூபாய். 'சொந்தக் காரணங்களால்' என்னும் அந்தத் தாளும், 'புதிய நியமனம்' என்னும் அடுத்த தாளும் சேர்ந்து, பத்தொன்பது ஆண்டின் தொடர்ச்சியை அறுத்து, அவரை மீண்டும் முதலாம் ஆண்டுக்காரராக்க முயன்றன. என் மூன்றாண்டும் அவ்வாறே கழுவப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் கண்டோம். பள்ளியை நடத்துவது அறக்கட்டளை. சொத்து விற்கப்படவில்லை, அறங்காவலர் மாறினர், அவ்வளவே. பலகையின் பெயர் மாறினும், எங்களுக்கு ஆணை வழங்கிய அறக்கட்டளை அப்படியே இருந்தது. முதலாளி மாறவே இல்லை என்றால், நாங்கள் யாரிடமிருந்து விலகி யாரிடம் சேர்வது?

பெரிய நிறுவனங்கள் கைமாறியதையும் பார்த்தோம். 1943-இல் மதுரையில் தோன்றிய மதுரா வங்கி 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டபோது, பங்குதாரரின் முதல் முற்றிலும் அழிந்தது. ஆனால் ஊழியர் அதே ஊதியத்தில், அதே நிலையில் தொடர்வர் என்று இணைப்புத் திட்டத்திலேயே எழுதப்பட்டது. 2022 சனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்துக்குச் சென்றபோது, ஓராண்டுக்கு எவரையும் நீக்கலாகாது என்பது நிபந்தனை. எழுத்திலே இருந்தது, அதனால் நின்றது. எங்கள் பள்ளியிலோ எல்லாம் வாய்மொழி!

ஒரு வியாழக்கிழமை மாலை, பள்ளி முடிந்தபின், அனைவரையும் ஆசிரியர் அறையில் இருக்கச் சொன்னேன். முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். சனிக்கிழமை போனதும், கேட்காததைச் சொன்னதும், எல்லாவற்றையும். அறை அமைதியாயிற்று. இருவர் எழுந்து வெளியே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. தமிழாசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடிதத்தை எழுதிவிட்டீர்களா அம்மா? படியுங்கள், பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

கடிதத்தில் வசையில்லை, வேண்டுகோளும் இல்லை. நான்கு கேள்விகளே இருந்தன. எங்களை நியமித்த அறக்கட்டளை தொடர்கிறதா? தொடருமாயின் விலகல் கடிதம் எதற்கு? எங்கள் பணிக்காலம் முறியாது என்று எழுத்தில் தருவீர்களா? வருங்கால வைப்பு நிதியில் செலுத்தப்படாமல் நிற்கும் மூன்று மாதத் தொகை எப்போது செலுத்தப்படும்? இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேர் கையெழுத்திட்டோம். ஒருவர் பெயர் முதலில் இருந்தால் அவர்மீது சினம் விழும் என்பதால், கையெழுத்துகளை வட்டமாக இட்டோம். பதிவு அஞ்சலில் நிர்வாகத்துக்கு ஒன்று. மாவட்டக் கல்வி அலுவலர்க்குப் படி ஒன்று.

பன்னிரண்டு நாள் விடை இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு அச்சம் இருந்தது. ஆனால் இது வேறு அச்சம். பத்தொன்பது பேர் பங்கிட்டுக்கொண்ட அச்சம். பகிர்ந்துண்ணும் வழக்கமும் அந்த நாட்களில்தான் திரும்பியது. வீட்டிலும் மறைத்ததைச் சொன்னேன். தந்தை சினக்கவில்லை. எத்தனை மாதம் தாங்கும் என்று தாளில் கணக்குப் போட்டார். இரண்டரை மாதம் தாங்கும் என்று தெரிந்தது. 'என்ன ஆகுமோ' என்பது உறக்கத்தைக் கெடுத்தது. 'இரண்டரை மாதம்' என்பது உறங்க விட்டது. என் வைப்பு நிதி எண்ணையும் இருப்பையும் அன்றே முதன்முதலாகப் பார்த்து எழுதி வைத்தேன். வேறு இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பமும் அனுப்பினேன். நின்று வாதாடுவதும், வாதாட்டம் தோற்றால் எங்கே போவது என்று பார்த்து வைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

விடை வந்தது. விலகல் கடிதம் தேவையில்லை, பணிக்காலம் தொடரும், நிலுவை இரு தவணையில் செலுத்தப்படும். ஊதிய உயர்வு அந்த ஆண்டு இல்லை. தமிழாசிரியரைப் பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அது அவரைப் புண்படுத்தியது என்பதை நான் அறிவேன். வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆயினும், அச்சிட்ட அந்தத் தாளில் எவர் பெயரும் நிரப்பப்படவில்லை.

சூன் மாதம் பள்ளி திறந்தது. மழலையர் வகுப்புப் பக்கம் சென்றபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, உணவூட்டி, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, எங்கள் தேநீர்க் குவளைகளையும் கழுவி வைத்த ஆயாமார் இருவரையும் காணவில்லை. நாட்கூலியில் இருந்தவர்கள். நியமன ஆணை இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லை. கோடை விடுமுறையில், 'இனி வரவேண்டாம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் பதினோரு ஆண்டு அங்கே இருந்தவர்.

அப்போதுதான் தாத்தாவின் கடைசிச் சொல் காதில் விழுந்தது: "நாங்களும் விட்டுவிட்டோம்."

எங்களை எண்ணவில்லையே என்று பொருமினோம். எங்கள் கடிதத்தில் அவர்களை நாங்கள் எண்ணினோமா? வட்டமாகக் கையெழுத்திட்ட பத்தொன்பது பேரில் ஒருவருக்கேனும் அந்த இருவர் நினைவு வந்ததா? வட்டத்தை நாங்களே வரைந்தோம். அவர்களை வெளியே நிறுத்தி வரைந்தோம். பெஞ்சுக்கும் மேசைக்கும் விலை வைத்து ஆசிரியரை மறந்தவர்களுக்கும், ஆசிரியர்க்குக் காப்பு கேட்டு ஆயாவை மறந்த எங்களுக்கும் வேற்றுமை எவ்வளவு?

இரண்டாம் கடிதம் எழுதினோம். இம்முறை இருபத்திரண்டு கையெழுத்து. ஒருவரை மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். பதினோரு ஆண்டு இருந்தவர் வரவில்லை. அதற்குள் அவர் திருப்பூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். அவருடைய பதினோரு ஆண்டுக்கு ஒரு தாள்கூட இல்லை. சான்று சொல்ல நாங்கள் இருந்தோம், காலத்தில் சொல்லவில்லை.

நிறுவனங்கள் இன்னும் கைமாறும். பலகைகள் இன்னும் மாறும். உங்கள் வாயிலிலும் ஒருநாள் ஏணி சார்த்தப்படலாம். அன்று உங்கள் தாள்களை எடுத்து வையுங்கள். காதோடு காதாகப் பேசாமல் கூடிப் பேசுங்கள். வாய்மொழியை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். அச்சிட்டு நீட்டும் எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்திடாதீர்கள். கடிதம் எழுதி முடித்து உறையில் இடுமுன், ஒருமுறை கட்டடம் முழுவதையும் சுற்றி வாருங்கள். தேநீர்க் குவளை கழுவும் இடம்வரை போய்ப் பாருங்கள். எவர் பெயர் விட்டுப்போயிற்று என்று பாருங்கள்.

நாங்கள் பார்க்கவில்லை.